சாலைக்கான பணத்தை நாங்கள் கொடுத்துவிட்டோம்: திட்ட அனுமதி அளித்த அலுவலர்களுக்கும் எங்கள் ஊராட்சி மன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திட்ட அனுமதி அலுவலர்களுக்கும், ஊராட்சி மன்றத் தலைவருக்கும், உறுப்பினர்களுக்கும்,

பழைய மாமல்லபுரம் சாலை எனப்படும் ராஜீவ் காந்தி சாலையிலிருந்து மேற்கே பிரிந்து எங்கள் ஊருக்குள் வரும் 1.3 கிலோமீட்டர் இணைப்புச் சாலையைத் தன் சொந்தச் செலவில் அகலப்படுத்தித் தருவதாக ஒரு கட்டுமான நிறுவனம் 2019இல் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அந்த உறுதிமொழிக்கு ஈடாக 60 லட்சம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்று ஊராட்சி மன்றம் சென்ற மாதம் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தின் அடிப்படையில் சாலைப் பணிக்குப் பிணையாக நிறுவனம் கொடுத்த வங்கி உத்தரவாதத்தைத் திருப்பிக் கொடுக்கவும், அது இங்கே கட்டும் குடியிருப்பின் மூன்றாம் கட்டக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் வழங்கவும் திட்ட அனுமதி அலுவலகத்தில் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை ஆதாரங்களோடு உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் இந்த ஊரில் பிறந்தவள் அல்ல. அந்த நிறுவனம் கட்டிய குடியிருப்பின் முதல் கட்டத்தில் வீடு வாங்கி 2022இன் நடுவில் குடிவந்தவள். முதல் கட்டத்தில் 280 வீடுகள், இரண்டாம் கட்டத்தில் 310 வீடுகள், இப்போது முடியும் தறுவாயில் உள்ள மூன்றாம் கட்டத்தில் 240 வீடுகள். மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் உருவான சாலையில் இத்தனை வீடுகளின் கார்களும், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரிகளும் ஓடுகின்றன. ஊர்க்காரர்கள் எங்களைக் காட்டி, "நீங்க எல்லாம் வந்த பிறகுதான் இந்தக் கதி" என்று சொல்லும்போது அதில் பொய் இல்லை. அதனால்தான் இந்த மடலை ஊர்க்காரர்களை முன்னிறுத்தி எழுதிவிட்டு நான் பின்னால் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். நெரிசலுக்குக் காரணமானவர்களில் நானும் ஒருத்தி. அந்த நெரிசலைத் தீர்ப்பதற்கான பணத்தைக் கொடுத்தவர்களிலும் நான் ஒருத்தி.

கணக்குப் பார்ப்பது என் தொழில். வீட்டை முன்பதிவு செய்தபோது கொடுக்கப்பட்ட விலைப் பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன். அடிப்படை விலை, கார் நிறுத்துமிடம், மின் மற்றும் குடிநீர் இணைப்பு, பராமரிப்பு முன்பணம், ஜிஎஸ்டி ஆகியவற்றுக்கு நடுவில் "உள்கட்டமைப்பு மற்றும் புறச்சாலை மேம்பாடு, சதுர அடிக்கு 120 ரூபாய்" என்று ஒரு வரி இருக்கிறது. என் வீடு 1,180 சதுர அடி. அந்த ஒரு வரிக்காக நான் கொடுத்தது 1,41,600 ரூபாய். அது என்ன என்று விற்பனைப் பிரிவினரிடம் அன்றே கேட்டேன். அரசுக்குச் செலுத்தும் கட்டணங்களும், முன்னால் வரப்போகும் 40 அடிச் சாலையின் செலவும் அதில் அடக்கம் என்றார்கள். விளம்பரக் கையேட்டின் இரண்டாம் பக்கத்திலும் '40 அடி அணுகு சாலை' என்று அச்சிட்டு, இருபுறமும் மரங்கள் நிற்கும் படம் ஒன்றும் போட்டிருந்தார்கள். வீடுகளின் அளவு வேறுபடுவதால் மொத்தத் தொகையைத் துல்லியமாகச் சொல்ல இயலாது. என் வீட்டை நடுத்தரமானதாகக் கொண்டால், குடிவந்துவிட்ட 590 வீடுகளிலிருந்து மட்டும் இந்த வரியின் கீழ் எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருக்கும். அதில் ஒரு பகுதி அரசுக் கட்டணமாகச் சென்றிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. மீதி எங்கே என்பதே என் கேள்வி.

உறுதிமொழியில் என்ன இருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்றோம். முதல் மனுவுக்கு 30 நாட்களில் பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகே நகல் கிடைத்தது. குடியிருப்பின் வாசலிலிருந்து ராஜீவ் காந்தி சாலைச் சந்திப்பு வரை சாலையை 12 மீட்டராக அகலப்படுத்துவது, இருபுறமும் மூடிய மழைநீர் வடிகால் கட்டுவது, ஏரியின் உபரிநீர்க் கால்வாயைச் சாலை கடக்கும் இடத்தில் உள்ள பழைய குழாய்ப் பாலத்தை எடுத்துவிட்டுப் பெட்டி வடிவச் சிறுபாலம் அமைப்பது, பள்ளி இருக்கும் பக்கத்தில் நடைபாதை போடுவது ஆகிய நான்கு பணிகளும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டாம் கட்டக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் பெறுவதற்கு முன் இவற்றை முடிக்க வேண்டும் என்பது காலக்கெடு. நிறுவனமே இணைத்துக் கொடுத்த செலவு மதிப்பீடு 4 கோடியே 12 லட்சம் ரூபாய். 2019இன் விலைவாசியில் போட்ட மதிப்பீடு அது. இன்று தாரும் ஜல்லியும் கம்பியும் விற்கும் விலையில் அதற்குப் பதிலாக 60 லட்சத்தை ஏற்றுக்கொள்வது எந்தக் கணக்கில் பொருந்துகிறது என்பதை எனக்கு விளக்க முடியுமா? தீர்மானத்தின் நகலைப் படித்தேன். 60 லட்சம் என்ற எண் எப்படி வந்தது என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

இரண்டாம் கட்டத்துக்கான நிறைவுச் சான்றிதழ் 2024இலேயே வழங்கப்பட்டுவிட்டது. சாலைப் பணிக்குக் கால நீட்டிப்பு வேண்டும் என்று நிறுவனம் கேட்டது, கிடைத்தது, அவ்வளவுதான். அன்று நீட்டிப்பாக இருந்தது இன்று விலக்காக மாறியிருக்கிறது.

அந்த உறுதிமொழி யாரோ தயவு செய்து எழுதிக் கொடுத்ததல்ல என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, ஒரு மனையில் எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு தளப்பரப்பில் கட்டலாம் என்பதை அந்த மனைக்கு வரும் பொதுச் சாலையின் அகலமே பெருமளவு தீர்மானிக்கிறது. 18.3 மீட்டர் உயரத்தைத் தாண்டும் கட்டடத்துக்குக் குறுகிய சந்தில் அனுமதி கிடையாது. காரணம் எளிமையானது: தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டும், ஆம்புலன்ஸ் வெளியே போக வேண்டும், ஆயிரக்கணக்கானோரின் அன்றாடப் போக்குவரத்தைச் சாலை தாங்க வேண்டும். எங்கள் சாலைக்கு வருவாய்ப் பதிவேட்டில் இருந்த அகலத்தோடு, இருபுறமும் உள்ளவர்களிடம் தானமாகப் பெறும் நிலத்தையும் சேர்த்து 12 மீட்டர் என்று காட்டித்தான் அந்த நிறுவனம் அனுமதி பெற்றது. சாலை அகலமாகும் என்ற வாக்கை வைத்து மாடிகளை வாங்கினார்கள். மாடிகள் எழுந்துவிட்டன, விற்றும் தீர்ந்துவிட்டன. சாலை அன்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஐந்து பேர் அளவு நாடாவோடு சந்திப்பிலிருந்து எங்கள் வாசல் வரை நடந்தோம். குடியிருப்பிலிருந்து மூவர், ஊரிலிருந்து இருவர். ஐம்பது மீட்டருக்கு ஓரிடமாக 26 இடங்களில் தார்ப் பரப்பின் அகலத்தை அளந்து, படமெடுத்து, தாளில் குறித்துக்கொண்டோம். 19 இடங்களில் அது 5.5 மீட்டருக்கும் குறைவு. அம்மன் கோயில் வளைவில் 3.6 மீட்டர். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரநிலைப்படி ஒற்றைத் தடத்துக்கே 3.75 மீட்டர் வேண்டும். இரண்டு தடங்களுக்கு 7 மீட்டர். அதாவது எதிரெதிரே பேருந்தும் லாரியும் செல்ல வேண்டிய ஒரு சாலை, கோயில் வளைவில் ஒற்றைத் தடத்தின் அளவைக்கூட எட்டவில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பதரை மணி வரை அதே வளைவில் நின்று எண்ணினோம். இரண்டு மணி நேரத்தில் 1,140 வண்டிகள் கடந்தன. அவற்றில் 46 தண்ணீர் லாரிகளும் ரெடிமிக்ஸ் லாரிகளும். இந்தத் தாள்களின் நகலை இரண்டு அலுவலகங்களிலும் நேரில் கொடுத்து ஒப்புகை பெற்றிருக்கிறேன். இதுவரை எந்தப் பதிலும் வரவில்லை.

அளக்க எங்களோடு வந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. சாலை ஓரத்தில் அவருக்குப் பூர்வீக வீடு. 2020இல் சாலை அகலப்படுத்துவதற்காக என்று கேட்டபோது, திண்ணையை இடித்து, வாசலில் நின்ற வேப்ப மரத்தை வெட்டி, மூன்று சென்ட் நிலத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. அவரைப் போல 23 குடும்பங்கள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. எங்கள் பகுதியில் இன்று ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்பது இதைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நிலத்தில் இப்போது கட்டுமான நிறுவனத்தின் மணல் குவியலும், உடைந்த தடுப்புப் பலகைகளும், மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரும்தான் இருக்கின்றன. நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது இது: "ரோடு வரும்னு சொன்னதாலதாம்மா கொடுத்தேன். அவங்க பில்டிங்குக்குன்னு கேட்டிருந்தா ஒரு அடிகூடக் கொடுத்திருக்க மாட்டேன்." அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

நிறுவனம் உங்களிடம் அளித்த மனுவில், சாலையை அகலப்படுத்தத் தேவையான நிலத்தைக் கையகப்படுத்தித் தருவது அரசின் வேலை, அது நடக்காததால் தன்னால் பணியைத் தொடங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. 23 தானப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும்போது இந்த வாதம் எப்படி ஏற்கப்பட்டது? இன்னும் எடுக்கப்பட வேண்டியவை கோயில் வளைவில் இரண்டு துண்டுகளும், சந்திப்புக்கு அருகில் ஒரு கடையின் முகப்பும் மட்டுமே. மூன்று இடங்களில் உள்ள சிக்கலுக்காக 1.3 கிலோமீட்டரையும் கைவிடுவது நியாயமாகாது.

மனுவில் உள்ள இன்னொரு வாதம் இதைவிடக் கவனமாக ஆராயப்பட வேண்டியது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 63-பி பிரிவின் கீழ் உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணத்தை ஏற்கெனவே செலுத்திவிட்டதாகவும், அதற்கு மேல் சாலையையும் போடச் சொல்வது ஒரே சுமையை இருமுறை ஏற்றுவதாகும் என்றும் நிறுவனம் சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கட்டணம், வளர்ச்சியால் ஒரு வட்டாரம் முழுவதற்கும் கூடும் பாரத்துக்காக அரசு எல்லாப் பெரிய கட்டடங்களிடமும் பெறுவது. அது மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. எங்கள் ஊராட்சியின் கணக்குக்கு நேராக வருவதில்லை. எங்கள் சாலைக்கான உறுதிமொழி இந்த ஒரு திட்டத்துக்காக, இந்த ஒரு மனைக்குப் போதுமான அகலத்தில் வழி இல்லை என்ற குறையை நீக்குவதற்காகப் பெறப்பட்டது. கட்டணத்தைக் கட்டியதால் குறை நீங்கிவிடவில்லை. கட்டணமும் உறுதிமொழியும் வேறு வேறு என்பது நிறுவனத்துக்கு 2019இலேயே தெரியும். தெரிந்துதான் இரண்டையும் ஏற்றுக் கையெழுத்திட்டது, இரண்டின் பெயராலும் எங்களிடம் சதுர அடிக் கணக்கில் வாங்கிக்கொண்டது. இருமுறை சுமை என்று யாராவது சொல்ல வேண்டும் என்றால் அது நாங்கள்தான். பணத்தையும் கொடுத்துவிட்டு, சாலை இல்லாத கஷ்டத்தையும் தினமும் அனுபவிக்கிறோம்.

சுற்றுச்சூழல் அனுமதியையும் பார்த்தேன். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டப்படும் எந்தக் குடியிருப்புத் திட்டமும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி பெற வேண்டும். நிபந்தனைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றியிருக்கிறோம் என்று ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அரையாண்டு அறிக்கையும் கொடுக்க வேண்டும். எங்கள் திட்டத்துக்கான அனுமதியில், சுற்றியுள்ள சாலைகளின் சேவைத் தரம் திட்டத்தால் குறையக் கூடாது, போக்குவரத்து நெரிசலைத் தணிக்கும் திட்டத்தை வகுத்துச் செயல்படுத்த வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனைக்கு நேரே ஐந்து அறிக்கைகளில் "சாலை மேம்பாட்டுப் பணி நிறைவேற்றப்படும்" என்ற ஒரே வாசகம், ஒரு எழுத்துகூட மாறாமல், மீண்டும் மீண்டும் வருகிறது. ஆறாவது அறிக்கையில் "பொருந்தாது" என்று மாறிவிட்டது. எதன் அடிப்படையில் பொருந்தாது? அந்த அறிக்கை கொடுக்கப்பட்டபோது ஊராட்சியின் தீர்மானம்கூட வந்திருக்கவில்லை. நிறுவனம் தன் கடமை தீர்ந்துவிட்டது என்று தானே முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் உங்கள் ஒப்புதலை வாங்கியிருக்கிறது. கணக்குத் துறையில் இப்படி ஒரு பதிவைப் பார்த்தால் நான் அந்தக் கோப்பை மூட மாட்டேன்.

குழாய்ப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சாலையின் எல்லாக் குறைகளிலும் அதுதான் என் மனத்தை அதிகம் அரிக்கிறது.

எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் நீர் உபரிநீர்க் கால்வாயில் இறங்கி, இந்தச் சாலையைக் கடந்து, கிழக்கே கோவளம் கழிமுகத்தை நோக்கிப் போக வேண்டும். சாலைக்கு அடியில் அதற்கு இருக்கும் வழி இரண்டு சிமென்ட் குழாய்கள். ஒன்று பாதி தூர்ந்து கிடக்கிறது. வெள்ள அபாயம் இருப்பதால் மனையை உயர்த்திக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைப்படி எங்கள் குடியிருப்பு ஒரு மீட்டருக்கும் மேல் மண் கொட்டி மேடாக்கப்பட்டது. அந்த ஒரு நிபந்தனையை நிறுவனம் தவறாமல் நிறைவேற்றிவிட்டது, ஏனென்றால் அது விற்பனைக்கு உதவும். கூடவே செய்திருக்க வேண்டிய வடிகாலையும் சிறுபாலத்தையும் செய்யவில்லை. முன்பு காலி நிலத்தில் பரவி நின்று மெல்ல வடிந்த நீர், இப்போது எங்கள் மதில் சுவரில் முட்டித் திரும்பி ஊரின் தாழ்வான தெருக்களுக்குள் போகிறது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையைக் கொட்டியபோது நாங்கள் எங்கள் வளாகத்தில் நனையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். குழாய்ப் பாலத்தின் மேலே இடுப்பளவு வெள்ளம், தடுப்புச் சுவர் இல்லாததால் சாலை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்கள் தளத்தில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் 68 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். 5ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அவருக்கு முறை. ஆம்புலன்ஸ் சந்திப்பிலேயே நின்றுவிட்டது, உள்ளே வர முடியாது என்றார்கள். கடைசியில் ஊரைச் சேர்ந்த ஒரு தம்பி தன் டிராக்டரைக் கொண்டுவந்து, டிரெய்லரில் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி, அவரை உட்காரவைத்து, முன்னால் இருவர் கம்பால் சாலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடக்க, ஒன்றரை மணி நேரத்தில் 1.3 கிலோமீட்டரைக் கடந்து சேர்த்தார். அந்தத் தம்பியின் வீட்டில் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகங்களும் தண்ணீரில் கிடந்த நாள் அது. அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததில் எங்கள் வளாகத்தின் மேட்டுக்கும் பங்கு உண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பிறகு பணம் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டு, "அக்கா, அந்தப் பாலத்தை மட்டும் கட்டச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து இதை விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளி விஷயமும் உங்கள் பார்வைக்கு வந்திருக்க வேண்டும். சாலையோரத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் வாசலுக்கும் தாருக்கும் இடையே ஓர் அடி மண்கூட இல்லை. காலையில் லாரி வரும்போது பிள்ளைகள் மதில் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மாலையில் எங்கள் குடியிருப்புக்கு வரும் பள்ளி வேன்களோடு மோதல் வேண்டாம் என்று ஆசிரியைகள் சிறு வகுப்புப் பிள்ளைகளைப் பத்து நிமிடம் முன்னதாகவே வரிசையாக அழைத்துப் போய்க் கோயில் வரை விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் வேனுக்காக அந்தப் பிள்ளைகளின் பாடத்திலிருந்து தினமும் பத்து நிமிடம் போகிறது. உறுதிமொழியில் உள்ள நடைபாதை இந்தப் பிள்ளைகளுக்கானது. 60 லட்சத்துக்கான தீர்மானத்தில் நடைபாதை என்ற சொல்லே இல்லை.

ஊராட்சி மன்றத்துக்குத் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். நிதி இல்லாத ஊராட்சிக்குக் கையில் வரும் 60 லட்சம் பெரிய தொகை என்பது எனக்குப் புரிகிறது. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், தூய்மைப் பணியாளர் ஊதியம் என்று உங்களுக்குள்ள நெருக்கடிகளை நான் குறைத்துப் பார்க்கவில்லை. ஆனால் இந்தத் தொகையை வாங்கிய மறுநாளே அந்தச் சாலை முழுக்க உங்கள் பொறுப்பாகிவிடும். மூன்றாம் கட்டத்தின் 240 வீடுகளும் நிரம்பிய பிறகு பாலம் இடிந்தாலும், பள்ளி வாசலில் விபத்து நடந்தாலும் மக்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அப்போது நான்கு கோடிக்கு மேல் எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? இத்தனை பேரைப் பாதிக்கும் முடிவைக் கிராம சபையில் வைக்காமல் சாதாரண மன்றக் கூட்டத்தில் முடித்ததும் வருத்தத்துக்குரியது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டத்தில் நான் நேரில் இருந்தேன், நிலம் கொடுத்த பெரியவரும் இருந்தார், சாலையைப் பற்றிக் கேட்டோம். "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்பதுதான் பதில். என்ன பேச்சுவார்த்தை என்பதைத் தீர்மான நகலில்தான் தெரிந்துகொண்டோம்.

திட்ட அனுமதி அலுவலர்களே, நிபந்தனை உங்கள் ஆணையில் இருக்கிறது. அனுமதி ஆணையில் எழுதப்பட்ட ஒன்றை ஊராட்சியின் ஆட்சேபணை இல்லை என்ற தீர்மானம் அழித்துவிட முடியாது என்றே நான் கருதுகிறேன். நிபந்தனையை மீறிய கட்டடத்தின் மீது நடவடிக்கை எடுக்க நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் உங்களுக்கு அதிகாரம் தருகின்றன. அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு மின் இணைப்போ குடிநீர் இணைப்போ கிடைக்காது. மூன்றாம் கட்டத்தின் சான்றிதழும் வங்கி உத்தரவாதமும்தான் இன்று உங்கள் கையில் மீதி இருக்கும் இரண்டு பிடிமானங்கள். இவை போய்விட்டால் அந்த நிறுவனத்துக்கு இந்த ஊரோடு எந்த வேலையும் இருக்காது. மூன்றாம் கட்டத்தில் வீடு வாங்கியவர்கள் தாமதத்தால் வாடகையும் வங்கித் தவணையும் சேர்த்துக் கட்டுகிறார்கள் என்பதை அறிவேன். அந்த நிலையில் நானும் இருந்திருக்கிறேன். அவர்களுடைய அவசரத்தைக் காட்டி நிறுவனம் தன் கடமையைக் கழற்றிக்கொள்ள விடக் கூடாது. அவர்களில் சிலரோடு பேசியிருக்கிறேன்; சாலையும் பாலமும் இல்லாத வீட்டின் சாவியை வாங்க அவர்களும் விரும்பவில்லை.

எனவே பின்வருவனவற்றைக் கோருகிறேன். ஊராட்சி மன்றம் அந்தத் தீர்மானத்தை உடனே நிறுத்திவைத்து, 2019ஆம் ஆண்டு உறுதிமொழி, செலவு மதிப்பீடு, நிறுவனத்தின் மனு, 60 லட்சம் கணக்கிடப்பட்ட விதம் ஆகிய அனைத்தையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டி, அடுத்த கிராம சபையில் விவாதத்துக்கு வைக்க வேண்டும். நிலம் கொடுத்த 23 குடும்பங்களுக்கும் அந்தக் கூட்டத்துக்கு எழுத்துமூலம் அழைப்பு அனுப்ப வேண்டும்.

திட்ட அனுமதி அலுவலகம், நான்கு பணிகளும் முடியும் வரை வங்கி உத்தரவாதத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதன் தொகையை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தும்படி நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். நிறுவனம் பணியைத் தொடங்க மறுத்தால் உத்தரவாதத்தைப் பணமாக்கி, ஒப்பந்தப்புள்ளி கோரி நீங்களே பணியைச் செய்ய வேண்டும், குறையும் தொகையை நிறுவனத்திடம் வசூலிக்க வேண்டும். மூன்றாம் கட்டத்தின் நிறைவுச் சான்றிதழைப் பொறுத்தவரை, சிறுபாலமும் பள்ளிப் பக்கத்து நடைபாதையும் முடிந்த பிறகே அதை வழங்க வேண்டும். கோயில் வளைவில் உள்ள இரண்டு துண்டுகளுக்கும் சந்திப்பருகே உள்ள கடைக்கும் வருவாய்த் துறையோடு சேர்ந்து கூட்டு அளவை நடத்தி, உரியவர்களுக்கு நியாயமான இழப்பீட்டை நிறுவனத்தின் செலவில் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

அரையாண்டு அறிக்கையில் "பொருந்தாது" என்று எழுதப்பட்டதற்கு நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு, அந்த விளக்கத்தை எங்களுக்கும் தர வேண்டும். '40 அடி அணுகு சாலை' என்ற விளம்பரத்துக்காக, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் 12ஆம் பிரிவின் கீழ் வீட்டு உரிமையாளர்களாகிய நாங்கள் தனியே புகார் அளிக்கிறோம். அந்த விசாரணையில் உறுதிமொழியின் சான்றளித்த நகலை உங்கள் அலுவலகம் தடையின்றி வழங்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு சின்ன வேலை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் குழாய்ப் பாலத்தின் தூர்ந்த குழாயைத் தூர்வாரி, இரு பக்கமும் தடுப்புச் சுவரோ குறைந்தது இரும்புக் குழாய்த் தடுப்போ அமைத்து, இரவில் தெரியும் ஒளிரும் பட்டைகளை ஒட்டித் தர வேண்டும். இதற்கு எந்தத் தீர்மானமும் நீதிமன்றமும் தேவையில்லை. இந்த மடல் உங்கள் கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள், எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, மறுத்ததற்கு என்ன காரணம் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதல் கட்டக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர்களில் ஒருத்தி